அறைக்கு ஒரு நிமிடம்

யாரும் அசையக் கூடாது, யாரும் பேசக் கூடாது, முடிந்தால் மூச்சைக்கூட மெதுவாக விடுங்கள் என்று ஒலிப்பதிவு செய்கிற சாதிக் சொல்லிவிட்டார், சொல்லிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணையும் மூடிக்கொண்டார், இனி ஒரு நிமிடம் இந்தக் காலி ஃபிளாட்டின் ஹாலில் ஒரு காலை முன்னால் வைத்தபடி நான் நிற்க வேண்டும். ரூம் டோன் என்பார்கள் இதை. ஒரு அறையில் படம் பிடித்து முடித்த பிறகு, அந்த அறை சும்மா இருக்கும்போது என்ன சத்தம் போடுகிறதோ அதைத் தனியாக ஒரு நிமிடம் பதிந்துகொள்வார்கள், வசனத்துக்கும் வசனத்துக்கும் நடுவில் விழும் பள்ளத்தை எடிட்டிங்கில் நிரப்ப அது வேண்டும். இருபது வருடமாக எத்தனையோ அறைகளில் இப்படி நின்றிருக்கிறேன். சாப்பாட்டைப் பற்றி யோசிப்பேன், முதுகில் எங்கே அரிக்கிறது என்று யோசிப்பேன், நிமிடம் போய்விடும். இன்றைக்குப் போகவில்லை. நாலடி தூரத்தில், சுவரைப் பார்த்தபடி மங்கை நிற்கிறாள். எட்டு வருடம் என் மனைவியாக இருந்தவள், ஐந்து வருடமாக இல்லாதவள். சற்று முன்பு கேமரா ஓடிக்கொண்டிருந்தபோது அவள் ஒன்று சொன்னாள், நான் அதற்குப் பதில் சொன்னேன். நான் சொன்னது பொய். அவள் சொன்னது பொய்யா நிஜமா என்று தெரியவில்லை, நிஜமாக இருந்தால் நான் ஒழிந்தேன், கேட்கலாம் என்றால் வாயைத் திறக்கக் கூடாது.

மின்விசிறியை அணைத்து அரை மணி ஆகிறது. கொளத்தூரில் வைகாசி மாதத்து மூன்று மணி வெயில், இரண்டாவது மாடி, மேலே மொட்டை மாடி. சட்டைக்குள்ளே நெஞ்சில் ஒட்டியிருக்கும் மைக்கின் டேப் வியர்வையில் நழுவுகிறது, என் இதயம் அடிப்பது சாதிக்கின் காதில் விழுமோ என்னவோ. விழட்டும். ஃப்ரிட்ஜையும் அணைத்தாயிற்று, அது உறுமும் என்பதால். அணைத்த சாதிக் தன் பைக் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட்டார், போகும்போது மறுபடி போட்டுவிட்டுப் போக மறக்கக் கூடாதாம், சாவி இல்லாமல் வீட்டுக்குப் போக முடியாதல்லவா. ஃபிளாட் ரெஜினாவின் சித்தியுடையது, ஃப்ரிட்ஜும்தான். ரெஜினாதான் இந்தப் படத்தின் இயக்குநர். என்னுடைய நடிப்புப் பட்டறைக்கு வந்து, நான் சொன்னதை எல்லாம் வேதமாக எடுத்துக்கொண்டு, கடைசியில் அதை வைத்தே என்னை மாட்டிவிட்டவள். பிரிந்துபோன புருஷனும் பெண்டாட்டியும் ஒரு காலி ஃபிளாட்டில் சந்திக்கிறார்கள், மிச்சம் மீதிச் சாமான்களைப் பிரித்துக்கொள்கிறார்கள், இவ்வளவுதான் அண்ணா கதை, வசனம் கிடையாது, நீங்களும் அக்காவும் அந்த நேரத்தில் வருவதைப் பேசுங்கள் என்றாள். எந்த அக்கா என்று கேட்டேன். மங்கை அக்கா, அவங்க ஒத்துக்கிட்டாங்க என்றாள். அவளே ஒத்துக்கொண்டபோது நான் மாட்டேன் என்றால் நான் இன்னும் ஆறவில்லை என்று அர்த்தமாகிவிடும், அந்த வீம்பில் ஒத்துக்கொண்டேன். மங்கை ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். நம்ம கதை வேண்டாம், நிஜமா நடந்தது எதுவும் உள்ள வரக் கூடாது. மூன்று நாளாக அதைக் காப்பாற்றினோம். இல்லாத ஒரு நாயைப் பற்றிச் சண்டை போட்டோம், போகாத மூணாற்றைப் பற்றிப் பேசினோம். இது கடைசி நாள், கடைசிக் காட்சி.

அவள் அட்டைப் பெட்டியில் தட்டுகளை அடுக்கிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள். "ஒரு தடவை திரும்பி வந்தேன். போய் மூணு வாரம் கழிச்சு. வாசக்கதவு வரைக்கும் வந்துட்டேன். பேர்ப் பலகையக் கழட்டிட்டே. நாலு ஓட்டைதான் இருந்துச்சு. சரி போகட்டும்னு பெல் அடிக்கக் கைய தூக்கினேன். உள்ள நீ சிரிச்சுக்கிட்டிருந்தே. எட்டு வருஷத்துல நீ அப்படிச் சிரிச்சு நான் கேட்டதே இல்ல. நீ நல்லாத்தான் இருக்கேன்னு தெரிஞ்சுது. போயிட்டேன்." நான் ஒரு கணம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. "தெரியும்," என்றேன். "லென்ஸ்ல பார்த்தேன்." கதவில் இருக்குமே, வெளியே யார் நிற்கிறார்கள் என்று பார்க்கும் சின்னக் கண்ணாடி, அது. அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். ரெஜினா கட் சொல்ல ரொம்ப நேரம் ஆனது.

ஏன் அப்படிச் சொன்னேன் என்றால் பட்டறையில் நான் முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் பாடமே அதுதான். எழுதாமல் நடிக்கும்போது எதிராளி எதைக் கொண்டுவந்து போட்டாலும் மறுக்கக் கூடாது. அவன் உன்னை அண்ணா என்று கூப்பிட்டால் நீ அவனுக்கு அண்ணன், இல்லையே என்று சொன்னால் காட்சி செத்துப்போகும். வாங்கிக்கொள், அதன் மேல் ஒரு கல்லை வை. முப்பது நாற்பது பேருக்குக் கையைத் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், நானே கண்டுபிடித்தது போல. அவள் ஒரு கல்லை வைத்தாள், நான் மேலே ஒரு கல்லை வைத்தேன். அழகான கல். இயக்குநர் அசந்துபோகிற கல். உனக்கு எதைக் கேட்டாலும் பதில் ரெடியா இருக்கும் தணிகா என்று எட்டு வருடமும் சொன்னாள், முதல் வருடம் பெருமையாக, அப்புறம் அப்புறம் வேறு மாதிரி.

"பழைய இரும்பு, பழைய பேப்பர், பழைய ஃப்ரிட்ஜ், வாஷிங் மிஷின் எடுக்கிறோம்..." தெருவில் ஒலிபெருக்கி. சாதிக் கண்ணைத் திறந்து, கையை மேலே தூக்கினார். "போச்சு. வண்டி போகட்டும், முதல்லேர்ந்து எடுப்போம். யாரும் இடத்தை விட்டு நகராதீங்க, ப்ளீஸ்." வண்டி நகர்வதாக இல்லை. அந்தக் குரலும் எங்களைப் போல ஒருவன் எங்கேயோ கண்ணாடி அறையில் நின்று பேசிக் கொடுத்ததுதான். நானும் அப்படித்தான் பிழைக்கிறேன், டப்பிங்கில் அடுத்தவர்களின் வாய்க்குப் பேசி. போலீஸ்காரன், சாமியார், குக்கர் விளம்பரத்து மாமனார், யார் வாய் அசைந்தாலும் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்வேன். "மங்கை," என்றேன். அவள் திரும்பவில்லை. "மங்கை, ஒரு நிமிஷம்..." "சார்," என்றார் சாதிக், ஹெட்போனைத் தொட்டுக் காட்டி, மைக் போட்டிருக்கிறீர்கள், எல்லாம் கேட்கிறது என்ற அர்த்தத்தில். ரெஜினா அதற்குள் பூனை நடையில் பக்கத்தில் வந்து என் தோளைத் தொட்டாள். கண் கலங்கியிருந்தது பிள்ளைக்கு. "அண்ணா, அந்தத் 'தெரியும்' இருக்கே. படமே அதுதாண்ணா. நான் அதுல கையே வெக்க மாட்டேன்." வைம்மா, கையை வை, காலை வை, அதை வெட்டிக் குப்பையில் போடு என்று சொல்லத் தோன்றியது. "சந்தோஷம்," என்றேன். பதில் ரெடியாக இருந்தது.

மறுபடியும் நிமிடம் தொடங்குகிறது. சரி, நிதானமாக யோசிப்போம். அவள் நடிகை, என்னைவிட நல்ல நடிகை. அவள் கற்பனையாகச் சொல்லியிருக்கலாம். திரும்பி வந்தேன், கதவு வரை வந்தேன் என்பது யாருக்கும் தோன்றக்கூடிய கற்பனைதான், நாயையும் மூணாற்றையும் அவள்தானே கொண்டுவந்தாள். நிஜம் உள்ளே வரக் கூடாது என்று சொன்னவளே நிஜத்தைக் கொண்டுவருவாளா. மாட்டாள். அவளுக்கு ஆவணியில் கல்யாணம். ஓசூரில் ரோஜாத் தோட்டம் வைத்திருக்கிறவர், மனைவியை இழந்தவர், கல்லூரிக்குப் போகிற பெண் இருக்கிறாள். என்னிடமே ஒரு முறை போனில் பேசினார், தவறாக நினைக்கவில்லையே என்று கேட்டார், தங்கமான மனுஷன், எனக்கு எரிச்சலாக வந்தது. அப்படி ஒரு வாழ்க்கைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பவள் இங்கே வந்து பழசை ஏன் கிளற வேண்டும். கற்பனைதான். பேர்ப் பலகை, நாலு ஓட்டை, சிரிப்பு, எல்லாம் கற்பனைதான். நாலு ஓட்டை.

நாலு ஓட்டையை அவள் எப்படிப் பார்த்தாள்?

பலகையில் தணிகாசலம், மங்கையர்க்கரசி என்று இரண்டு பேர் இருந்தது, தேக்குப் பலகை, பித்தளை எழுத்து, கல்யாணத்துக்கு நாடகக் குழுவில் எல்லோரும் சேர்ந்து கொடுத்தது. அவள் போன மூன்றாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, எதன் மேல் கோபம் என்றே தெரியாத ஒரு கோபத்தில் ஸ்குரு டிரைவரை எடுத்துக்கொண்டு போய்க் கழற்றினேன். புதன் முழுக்க அது கட்டிலுக்கு அடியில் கிடந்தது. வியாழக்கிழமை ராத்திரி எதிர் வீட்டு ரயில்வேக்காரர், சார் வீட்டைக் காலி பண்றீங்களா, என் மச்சினன் தேடிக்கிட்டிருக்கான் என்று கேட்டார், வெட்கமாகிவிட்டது, அவர் உள்ளே போனதும் அதே நாலு ஓட்டையில் திரும்ப மாட்டிவிட்டேன். விவாகரத்து கிடைத்து வீட்டைக் காலி செய்யும் வரை அது அங்கேயேதான் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை, இதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது, மானக்கேடு. செவ்வாய் சாயங்காலத்திலிருந்து வியாழன் ராத்திரி வரை அந்தக் கதவுக்கு முன்னால் வந்து நின்றவர்களுக்கு மட்டும்தான் நாலு ஓட்டை தெரியும்.  முன்னால் வைத்த கால், அதன் மேல் எல்லா எடையும் இருக்கிறது, அசையக் கூடாது. அவள் வந்திருக்கிறாள். அய்யோ, மங்கை வந்திருக்கிறாள்.

ஆனால் சிரிப்பு? எனக்கு என்ன சிரிப்பு வேண்டியிருந்தது அப்போது? மூன்று வாரமாக மோர்ச் சோறும் ஊறுகாயும், போனை எடுத்துப் பார்ப்பதும் வைப்பதும். நான் சிரிக்கவே இல்லை, அது அவள் சேர்த்தது, சிரிப்பு கற்பனை என்றால் வந்ததும் கற்பனையாக இருக்கலாம், ஓட்டையை வேறு யாராவது சொல்லியிருக்கலாம், ரயில்வேக்காரர், ரயில்வேக்காரர் இவளிடம் ஏன் பேசப்போகிறார். விசில். கீழ் வீட்டிலிருந்து குக்கர் விசில், நீளமாக, மூன்று மணிக்கு யார் வீட்டில் சமைக்கிறார்கள். சாதிக் தலையில் கை வைத்துக்கொண்டார். "மூணு விசில் விடுவாங்க. விட்டு முடிக்கட்டும்." எல்லோரும் நின்ற இடத்தில் நின்று கீழ் வீட்டுக் குக்கருக்காகக் காத்திருந்தோம். ரெஜினா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கேமராக்காரரும் சிரித்தார். மங்கை சிரிக்கவில்லை. அவள் சிரிக்காததைப் பார்த்தபோதுதான் எனக்குக் கரடி ஞாபகம் வந்தது.

கரடி. குழந்தைகள் சேனலில் ஒரு கரடி, பெயர்கூட மறந்துவிட்டது, வியாழக்கிழமை காலை டப்பிங். சார், கவலைன்னா என்னன்னே தெரியாத கரடி, வயித்துலேர்ந்து சிரிக்கணும் என்று போனில் சொல்லியிருந்தார்கள். புதன்கிழமை சாயங்காலம் சமையலறைத் தரையில் உட்கார்ந்துகொண்டு, காலை நீட்டிக்கொண்டு, சிரித்துப் பழகினேன். முதலில் வரவே இல்லை, அழுகைதான் வந்தது, இரண்டும் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகிறது என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அப்புறம் பிடித்துக்கொண்டது. ஒரு மணி நேரம் சிரித்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தேன், நல்ல சிரிப்பு, என்னுடையது அல்ல, அதனால்தான் எட்டு வருடத்தில் அவள் அதைக் கேட்டதில்லை. கேட்டிருக்க முடியாது. அந்தக் கரடி அன்றைக்குத்தான் பிறந்தது. வாசலுக்கு அந்தப் பக்கம் அவள் கையைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறாள்.

மூன்றாவது விசில் முடிந்தது. சாதிக் விரலைத் தூக்கினார். மறுபடியும் முதலிலிருந்து. இந்த நிமிடம் முடிந்ததும் மைக்கைக் கழற்றிக் கொடுப்பாள், ரெஜினாவைக் கட்டிப்பிடிப்பாள், கீழே போய் வண்டி ஏறுவாள், ஆவணியில் ஓசூர். எனக்கு அவள் திரும்ப வர வேண்டாம். இல்லை, அது பொய், ஆனால் அதை விடு, அது நடக்காது. போகிறவள் இதை எடுத்துக்கொண்டு போகக் கூடாது, அது மட்டும் போதும். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு, உள்ளே சிரித்துக்கொண்டு, கதவைத் திறக்காமல் இருந்த ஒருவனோடு எட்டு வருடம் வாழ்ந்தேன் என்று ரோஜாத் தோட்டத்தில் நின்று அவள் நினைக்கக் கூடாது. சொல்லிவிட வேண்டும். எப்படிச் சொல்வது. எனக்குத் தெரியாது மங்கை. மனசுக்குள் சொல்லிப் பார்க்கிறேன், தொழில் புத்தி, உடனே எந்தத் தொனியில் என்று கேட்கிறது. மெதுவாக, கடைசி எழுத்தைக் கொஞ்சம் உடைத்து, எனக்குத் தெரியாது. வேண்டாம், நாடகம். சாதாரணமாக, மூச்சோடு, எனக்குத் தெரியாது. அது குடும்பத் தொடர் மாப்பிள்ளை. சத்தியமா எனக்குத் தெரியாது, அது லஞ்சம் வாங்கிய இன்ஸ்பெக்டர். எதைச் சொன்னாலும் யாருடைய வாயிலோ போய் உட்கார்ந்துகொள்கிறது. எதைச் சொன்னாலும் அவள் அதே பார்வை பார்ப்பாள், இதற்கும் பதில் ரெடியா என்று. என்னிடம் ஒரு சொல்கூட மிச்சமில்லை, எல்லாவற்றையும் அவளிடம் எட்டு வருடத்தில் செலவழித்துவிட்டேன். பயமாக இருக்கிறது. நிமிடம் பாதி போயிருக்கும். வெளியே ஒரு குயில் ஆரம்பித்து, நிறுத்திவிட்டது. அறை ஒன்றும் சொல்லவில்லை. அவள் தோள் தெரிகிறது, கழுத்தில் ஒட்டிய முடி தெரிகிறது, அவளும் அசையாமல் நிற்கிறாள், இப்படித்தான் அன்றும் நின்றிருப்பாள்.

நான் சிரித்தேன்.

வாயைத் திறந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கரடியின் சிரிப்பை அப்படியே சிரித்தேன். ஐந்து வருடம் ஆகியும் இருந்த இடத்தில் இருந்தது. அடியிலிருந்து உருண்டு வந்து, நடுவில் ஒரு விக்கல் எடுத்து, மறுபடி உருளும் சிரிப்பு. காலி ஹாலில் அது சுவருக்குச் சுவர் போய் இடித்தது. "யா அல்லா!" என்று சாதிக் ஹெட்போனைப் பிய்த்து எறிந்தார். ரெஜினா எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதாக நினைத்து ஓரடி பின்னால் போனாள். நான் நிறுத்தவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, அன்றைக்கு வந்தது போலவே.

மங்கை திரும்பினாள். முகத்தில் ரத்தம் இல்லை. "அதான்," என்றாள். "அந்தச் சிரிப்புதான்."

"கரடி," என்றேன்.

"என்ன?"

"கரடி மங்கை. குழந்தைங்க சேனல்ல. மறுநாள் டப்பிங். வீட்ல யாரும் இல்ல, நான் மட்டும்தான். சமையல்கட்டுல உக்காந்து..." கையால் வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். 

"லென்ஸ்ல பார்த்தேன்னியே."

"அது டேக்ல சொன்னது."

அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் அதில் எதையும் செய்யாமல் வைத்துக்கொள்ளப் பார்த்தேன். "பலகைய?" என்று கேட்டாள். "வியாழக்கிழமையே மாட்டிட்டேன்." "ஓ," என்றாள். "நான் புதன்கிழமை வந்தேன்." பிறகு, "கரடியா," என்றாள், தனக்குத்தானே சொல்வது போல. உதடு சிரிக்கப் போனது, பாதியில் எங்கேயோ வழி தவறிவிட்டது, துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு தட்டுகள் இருந்த பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். யாரும் அருகில் போகவில்லை. எனக்குப் போக வேண்டும் போல இருந்தது, போவதற்கான உரிமை ஓசூரில் இருந்தது, நின்றேன்.

ரெஜினாவுக்கு எதுவோ புரிந்துவிட்டது. கெட்டிக்காரி. குனிந்து, "அக்கா, அந்த டேக்கைத் தூக்கிடறேன். வேற எடுத்துக்கலாம், இல்லன்னா வேண்டவே வேண்டாம்," என்றாள். படமே அதுதான் என்று பத்து நிமிடம் முன்னால் சொன்ன பெண். மங்கை துப்பட்டாவை இறக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மூக்கு சிவந்திருந்தது. என்னைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள்.

"எதுக்குத் தூக்கணும், இருக்கட்டும்," என்றாள். "அவன் நல்லா நடிச்சிருக்கான்."

 "சார், மேடம்," என்றார் சாதிக், கெஞ்சுகிற குரலில், "எல்லாம் சரி, எனக்கு ஒரே ஒரு நிமிஷம் வேணும். இதே இடம், இதே ஆளுங்க." மங்கை எழுந்து பழைய இடத்தில் வந்து நின்றாள். நானும் காலை முன்னால் வைத்துக்கொண்டேன். இந்த முறை அவள் சுவரைப் பார்க்கவில்லை, என் பக்கமாக நின்றாள், ஆனால் என்னைப் பார்க்கவும் இல்லை. எதிர் வீட்டில் யாரோ குழாயைத் திறந்து மூடினார்கள், கேட்டும் கேட்காமலும். வெயிலில் ஜன்னல் கம்பி டிக்கென்றது. அவள் மூக்கை உறிஞ்ச வேண்டியிருந்தது, உறிஞ்சாமல் அடக்கிக்கொண்டாள். நான் எதையும் யோசிக்கவில்லை, முதல் தடவையாக எதையும் யோசிக்கவில்லை, அறையைக் கேட்டேன். வண்டி வரவில்லை, விசில் வரவில்லை. இவ்வளவு நீளமான நிமிடமா என்று தோன்றியது. "தேங்க்யூ," என்றார் சாதிக்.

எல்லோரும் ஒரே நேரத்தில் அசைந்தார்கள். யாரோ மின்விசிறியைப் போட்டார்கள். சாதிக் ஃப்ரிட்ஜைத் திறந்து பைக் சாவியை எடுத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டார், அது உறுமத் தொடங்கியது. மங்கை குனிந்து, காலருக்குள் கைவிட்டு மைக்கைக் கழற்றி, வயரை விரலில் சுற்றிக்கொண்டே என் பக்கம் பார்க்காமல் சொன்னாள்.

"இவ்வளவு நேரம்தான் தணிகா நின்னேன், அன்னிக்கு."

நான் வாயைத் திறந்தேன். சொல்வதற்கு ஒன்றும் வரவில்லை. அவள் மைக்கை சாதிக்கிடம் கொடுத்துவிட்டுச் செருப்பைத் தேடப் போனாள்.